பதினோரு பக்க மாவீரன்

மார்ச் 4, செவ்வாய்

இன்றோடு முப்பத்தொன்று.

முப்பத்தொரு நிறுவனங்கள் என் பயோடேட்டாவைப் பெற்றுக்கொண்டு பேச்சு மூச்சில்லாமல் கிடக்கின்றன. பாவம், படித்துவிட்டு மலைத்துப் போயிருப்பார்கள். 'இவ்வளவு பெரிய மனிதரை எந்த நாற்காலியில் உட்கார வைப்பது' என்று உலகம் முழுக்க நாற்காலி தேட ஆள் அனுப்பியிருப்பார்கள். தேடட்டும். எனக்கு அவசரமில்லை.

அவசரம் இருக்கிறது. சலவை ஆலையை மூடி ஐந்து வாரமாகிறது. இருபத்துமூன்று வருடம் அங்கே டெஸ்பாட்ச் சூப்பர்வைசர் நான். ஆஸ்பத்திரிகளிலிருந்தும் ஓட்டல்களிலிருந்தும் வரும் விரிப்பு, உறை, துண்டு எல்லாம் வெளுத்துக் காய்ந்து மடிந்து என் அறைக்கு வரும். எண்ணி, கட்டி, வண்டி ஏற்றி அனுப்புவேன். இந்த நாட்டில் சுத்தமான விரிப்பில் படுத்தவர்கள் அத்தனை பேரும் எனக்குக் கடன்பட்டவர்கள் என்பதை அவர்கள் அறியமாட்டார்கள்.

பயோடேட்டா பதினோரு பக்கம். முதல் பக்கம் முழுவதும் என் புகைப்படம், கோட்டுடன். கோட்டு ஸ்டுடியோக்காரருடையது. முதுகுப் பக்கம் நாலு கிளிப் போட்டு இழுத்துப் பிடித்திருந்தார். முன்பக்கம் பார்த்தால் மந்திரி, பின்பக்கம் பார்த்தால் கொடியில் காயும் துணி.

காலையில் மேலிடம் (மனைவியைத்தான் சொல்கிறேன்) தான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்குக் கிளம்பும்போது, "ஃபோனை சார்ஜ்ல போட்டீங்களா?" என்று கேட்டாள். போட்டேன். அது வயிறு நிறையத் தின்றுவிட்டு மூலையில் சும்மா கிடக்கிறது. இந்த வீட்டில் அதுவும் நானும் ஒரே ரகம்.

மார்ச் 6, வியாழன்

ஃபோன் அடித்தது! குளியலறையிலிருந்து சோப்பு நுரையோடு பறந்து வந்தேன். காப்பீடு எடுத்துக்கொள்கிறீர்களா என்றாள் ஒரு பெண். உங்கள் ஆபீஸில் வேலை காலி இருக்கிறதா என்று கேட்டேன். வைத்துவிட்டாள்.

மார்ச் 9, ஞாயிறு

அக்கா மகள் வந்தாள். ஒரு பெரிய கம்பெனியில் ஆள் எடுக்கும் பிரிவில் இருக்கிறாள். நாள் முழுக்க அடுத்தவர் பயோடேட்டா படிப்பதுதான் அவள் வேலை. அதை 'ரெசுமே' என்கிறாள். சரி, மாமாவின் காவியத்தைப் படித்து அழட்டும் என்று எடுத்துக் கொடுத்தேன்.

அழவில்லை. முதலில் கோட்டைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"மாமா, 'பிறவித் தலைவர்'னு போட்டிருக்கீங்க."

"ஆமா. பொறந்த அன்னிக்கே நர்ஸுக்கு உத்தரவு போட்டேனாம். உங்கம்மாகிட்ட கேளு."

"'ஒரே பார்வையில் பத்தாயிரம் துணிகளை எண்ணக்கூடியவர்'?"

"அது கொஞ்சம் கூடிப்போச்சு. ஒன்பதாயிரத்து ஐந்நூறு."

"'புயலையே மடித்து அடுக்கியவர்'?"

"அது கவிதை."

"பக்கம் ஏழு. பள்ளிக்கூட ஓட்டப் பந்தயத்தில் மூன்றாம் இடம்."

"அதுல பொய் இல்ல."

"எத்தனை பேர் ஓடினாங்க?"

என்ன கேள்வி இது? ஓடியது மூன்று பேர். அதில் ஒருவன் நொண்டி அடித்துக்கொண்டு என்னை முந்தினான். இதையெல்லாம் சின்னப் பெண்ணிடம் சொல்ல முடியுமா?

அவள் தாள்களை ஒன்றாகத் தட்டி அடுக்கிவிட்டுச் சொன்னாள்: "மாமா, நான் ஒரு நாளைக்கு இருநூறு ரெசுமே பாக்கறேன். ஒண்ணுக்கு பத்து செகண்ட்தான். உங்களோடத பத்து செகண்ட் பாத்தா அந்தக் கோட்டு மட்டும்தான் தெரியுது."

சமையலறையிலிருந்து மேலிடத்தின் சிரிப்புச் சத்தம். சதி, சதி.

மார்ச் 10, திங்கள்

அவளுக்குக் கத்தரிக்கோல் என்று பெயர் வைத்துவிட்டேன். இனி அவளோடு பேசுவதில்லை என்றும் முடிவு செய்துவிட்டேன். அவள் இன்னும் அதைக் கவனிக்கவில்லை.

மார்ச் 12, புதன்

கத்தரிக்கோல் ஆபீஸ் முடிந்து நேரே இங்கே வந்து, லேப்டாப்பைத் திறந்து, என்னை எதிரே உட்கார வைத்தாள். போலீஸ் விசாரணை கெட்டது போங்கள்.

"காலையில போய் என்ன பண்ணுவீங்க?"

"ஒரு சாம்ராஜ்யத்தையே..."

"கதை வேண்டாம் மாமா. கையால என்ன பண்ணுவீங்க?"

இந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. யோசித்து யோசித்துச் சொன்னேன். ஆறு ஆஸ்பத்திரி, ஒன்பது ஓட்டல், தினம் நாலாயிரம் உருப்படி. துணி மாறிப்போகாமல் இருக்க ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு நிற நூலை விரிப்பின் மூலையில் தைக்கச் சொன்னது நான். ஒரு ஆஸ்பத்திரி மூட்டையை ஒரே வண்டியில் ஏற்றமாட்டேன். பாதி இதில், பாதி அதில். ஒரு வண்டி வழியில் படுத்துக்கொண்டாலும் அங்கே பாதித் துணியாவது போய்ச் சேரும்.

அவள் விரல்கள் தட்டிக்கொண்டே இருந்தன.

"ஆபரேஷன் தியேட்டர் துணி லேட்டா போன நாள் எத்தனை?"

"இல்ல."

"இல்லன்னா?"

"இல்லவே இல்ல. ஒரு தடவ வெள்ளத்துல வண்டி நின்னுபோச்சு. அன்னிக்கு நான் தலைல வெச்சு எடுத்துட்டுப் போனேன்."

"இருபத்துமூணு வருஷத்துல ஒரு நாள்கூட லேட் இல்லயா?"

"அங்க ஒருத்தர் மேசைமேல படுத்துக் காத்திருப்பாரே. எப்படிம்மா லேட்டாகும்?"

தட்டுவதை நிறுத்திவிட்டாள். "இதை ஏன் பதினோரு பக்கத்துல எங்கயுமே போடல?"

"இதுல என்ன இருக்கு? வேலைதானே."

மேலிடம் வாசற்படியில் துண்டோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். வெள்ளத்தில் போனது அவளுக்கும் புதுச் செய்தி. அன்றைக்கு ஈரத்தோடு வீட்டுக்கு வந்து, ஆற்றில் ஒரு முதலையோடு சண்டை போட்டதாகச் சொல்லியிருந்தேன்.

பதினோரு பக்கம் ஒரு பக்கமானது. கோட்டு போனது, புயல் போனது, ஓட்டப் பந்தயம் போனது. பொழுதுபோக்கு என்ற இடத்தில் 'சிந்தித்தல்' என்று போட்டிருந்தேன், அதுவும் போனது. ஒவ்வொரு இடத்துக்கும் அந்த விளம்பரத்தைப் படித்து, அவர்கள் கேட்பதை மேலே கொண்டுவந்து, தனித்தனியாக அனுப்ப வேண்டுமாம். ஆஸ்பத்திரிக்குப் போவதில் ஓட்டல் கதை கூடாதாம்.

கடைசியில் சொன்னாள்: "மேல பேரும் நம்பரும் பழசுலேருந்தே எடுத்துக்கறேன். அது ஒண்ணுலதான் உங்க கற்பனை இல்ல."

படித்துப் பார்த்தேன். யாரோ ஒரு சாதாரண ஆள். ஆனால் எனக்கே அவனை வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

மார்ச் 16, ஞாயிறு

மச்சான் ஃபோன் செய்தான். மேலிடத்தின் தம்பி. எட்டு மணி நேர ரயில் பயணத் தொலைவில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறான். இப்போது இரண்டாவது கடை.

"அத்தான், நம்பிக்கையான ஆள் வேணும். நீங்க வந்து உக்காந்தா போதும், மத்ததை நான் பாத்துக்கறேன். மே மாசம் தொறக்கறேன். ஏப்ரல் முடியறதுக்குள்ள சொல்லிடுங்க."

நல்லவன். திட்டக்கூட வழியில்லை.

ஆனால் அங்கே போவதென்றால் இரண்டு பேரும் போக வேண்டும். மேலிடம் பதினாறு வருடம் அந்தக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து ஃபிரேம் பொருத்தி, இந்த ஜனவரியில்தான் கடைப் பொறுப்பு முழுவதும் அவளிடம் வந்தது. சாவி கொடுத்தார்கள். அன்று வந்து, ஆணியில் மாட்டாமல், சாப்பாட்டு மேசையில் தட்டுக்குப் பக்கத்திலேயே வைத்துச் சாப்பிட்டாள்.

"போகலாங்க. வேலை எங்க இருந்தா என்ன?" என்றாள் இன்று. முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னாள். தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். ஏற்கெனவே பளபளவென்றுதான் இருந்தது.

மார்ச் 20, வியாழன்

பதினாலு இடத்துக்கு அனுப்பியாயிற்று. ஒவ்வொன்றும் தனித்தனி. ஊருக்கு வெளியே இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனது எட்டாவது. மூன்று கட்டடத்துக்கும் சேர்த்து ஒரே லாண்டரி, அதற்குப் பொறுப்பாளர் தேவையாம். விளம்பரத்தைப் படித்தபோது யாரோ என்னை ஒளிந்திருந்து பார்த்து எழுதியது போலிருந்தது.

மார்ச் 28, வெள்ளி

ஒன்றுமில்லை.

ஏப்ரல் 2, புதன்

மறுபடி ஒன்றுமில்லை. ஃபோன் கெட்டுவிட்டதோ என்று கத்தரிக்கோலைக் கூப்பிடச் சொன்னேன். கூப்பிட்டாள். கணீரென்று அடித்தது.

"நல்லாதான் இருக்கு மாமா. எனக்கே புரியல. இந்த மாதிரி ரெசுமே என் மேசைக்கு வந்திருந்தா அன்னிக்கே கூப்பிட்டிருப்பேன்."

குரலில் பழைய கூர்மை இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஏப்ரல் 4, வெள்ளி

ஒரு காரியம் செய்துவிட்டேன். யாரிடமும் சொல்லப் போவதில்லை. இந்த நோட்டுப் புத்தகமும் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்.

சாதாரண ஆளை யாரும் கூப்பிடவில்லை. மாவீரனை ஏன் இன்னொரு முறை அனுப்பிப் பார்க்கக் கூடாது? பழைய பதினோரு பக்கத்தைத் தூசி தட்டி, 'வெள்ளத்தைத் தலையில் சுமந்தவர்' என்று புதிதாக ஒரு வரியும் சேர்த்து, பஸ் ஏறிப் போய் அந்தப் பெரிய ஆஸ்பத்திரி வரவேற்பில் நேரில் கொடுத்துவிட்டு வந்தேன். வரவேற்பில் இருந்த பெண் கோட்டைப் பார்த்துவிட்டு எழுந்து நின்றாள். அல்லது நாற்காலியை நகர்த்தினாள். எழுந்ததாகவே வைத்துக்கொள்கிறேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

பேனா தேடி மேலிடத்தின் கைப்பையில் கைவிட்டேன். ஒரு கவர். உள்ளே கடை முதலாளிக்கு எழுதிய ராஜினாமாக் கடிதம். நாலே வரி, அழகான கையெழுத்து. தேதி மட்டும் போடவில்லை.

அப்படியே வைத்துவிட்டேன்.

இன்று எதையும் பெரிதாக்கிச் சொல்லத் தோன்றவில்லை. ஒரு ஆள் சும்மா உட்கார்ந்திருப்பதால் இன்னொரு ஆளும் எழுந்து போக வேண்டுமா? பதினாறு வருஷம். நான் என்னதான்யா பண்ணிக்கிட்டிருக்கேன்?

ஏப்ரல் 9, புதன்

சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. முதலிலிருந்து சொல்கிறேன்.

அனுபவச் சான்றிதழ் வாங்க ஆலைக்குப் போனேன். கணக்கு முடிக்கும் மேனேஜர் புதன்கிழமை மட்டும் வருவார். கேட்டில் நம் பழைய வாட்ச்மேன். ஆலை போனாலும் கேட் இருக்கிறதே, அதனால் அவரும் இருக்கிறார். என்னைக் கண்டதும் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார்.

"வாங்க சார்! நல்லவேளை வந்தீங்க. உங்களைத் தேடுற ஆளுங்களுக்கு பதில் சொல்லியே என் தொண்டை காஞ்சுபோச்சு."

"என்னையா? யார் தேடுறா?"

"ஒருத்தரா ரெண்டு பேரா?" என்று கேட் ரிஜிஸ்டரை எடுத்தார். ஆலைக்கு யார் வந்தாலும் பெயர், நேரம், என்ன வேலையாக வந்தார், எப்போது வெளியே போனார் என்று எழுதும் தடிப் புத்தகம். இருபது வருடமாக ஓர் ஈயைக்கூட அவர் அதில் எழுதாமல் உள்ளே விட்டதில்லை. பிரித்துக் காட்டினார். வரிசையாக இருந்தன. ஒரு ஓட்டல், ஒரு துணிக் கிடங்கு, இரண்டு ஆஸ்பத்திரி... 'வந்த விதம்' என்ற கட்டத்தில் எல்லாவற்றுக்கும் 'ஃபோனில் வந்தார்'. 'யாரைப் பார்க்க' என்ற கட்டத்தில் என் பெயர். 'வெளியே போன நேரம்' கூட எழுதியிருந்தார்.

"யோவ், எனக்கு ஒரு வார்த்தை ஃபோன்ல சொல்லக் கூடாதா?"

"எந்த நம்பருக்கு சார்? உங்க நம்பர் இதுதானே?"

கழுத்தில் கயிறு கட்டித் தொங்கிய ஃபோனைத் தூக்கிக் காட்டினார்.

டெஸ்பாட்ச் அறை ஃபோன். என் மேசைக்குப் பின்னால் ஆணியில் கயிறு கட்டித் தொங்கிய அதே ஃபோன். ஆலையை மூடியபோது, மெஷின் வாங்க வருபவர்கள் கூப்பிட்டால் எடுக்கட்டும் என்று வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டார்கள்.

பையிலிருந்து ரெசுமேயை எடுத்துப் பார்த்தேன். அந்த நம்பர்தான். பதினோரு பக்கத்திலும் அதுதான், ஒரு பக்கத்திலும் அதுதான். எத்தனையோ வருடமாக யார் நம்பர் கேட்டாலும் வாய் அதைத்தான் சொல்லும், கை அதைத்தான் எழுதும். பிப்ரவரியில் எனக்கென்று ஒரு ஃபோன் வாங்கினேன். அதன் நம்பர் எனக்கு எதற்கு? என்னை நானே கூப்பிடப் போகிறேனா?

கேட் ஓரத்துக் கல்லில் உட்கார்ந்துவிட்டேன். வாட்ச்மேன் தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டு எண்ணினேன். பழைய பயோடேட்டா காலத்தில் மொத்தம் ஒரே ஒரு அழைப்பு. அதற்கு நேரே 'சிரித்துக்கொண்டே பேசினார்கள்' என்று குறிப்பு. மார்ச் இருபதுக்குப் பிறகு ஒன்பது.

பதினாலு இடத்தில் ஒன்பது! கத்தரிக்கோல், உன் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும்.

"நீங்க என்ன சொன்னீங்க அவங்ககிட்ட?"

"ஆலை மூடியாச்சு, சார் எங்கன்னு தெரியாதுன்னு சொன்னேன். ஒரு அம்மா மட்டும் விடல. மூணு தடவ வந்தாங்க. உங்களைப் பத்தி கேட்டாங்க. எனக்குத் தெரிஞ்சதைச் சொன்னேன்."

"என்னத்தச் சொன்னீங்க?"

"அதெல்லாம் எழுதல சார். கட்டம் பத்தல."

ஏப்ரல் 10, வியாழன்

சொன்னேன். கத்தரிக்கோல் மேசையில் தலையை வைத்துக்கொண்டாள். "அது ஒண்ணுலதான் கற்பனை இல்லன்னு சொன்னேனே மாமா! என் வேலையே இதுதானே! நான் பாத்திருக்க வேண்டாமா!" மேலிடம் சிரித்த சிரிப்பில் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். இந்த வருடத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

பிறகு ஒன்பது பேரையும் கூப்பிட்டோம். ஆறு இடம் நிரம்பிவிட்டது. இரண்டு பேர் அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். ஒன்பதாவது, அந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் தலைமை நர்ஸ்.

"நீங்க நெஜமாவே இருக்கீங்களா? உங்க வாட்ச்மேன்தான் உங்களைக் கற்பனையா உருவாக்கிட்டார்னு நெனச்சேன். செவ்வாய்க்கிழமை வாங்க."

அப்போதுதான் எனக்கு ஏப்ரல் நாலாம் தேதி ஞாபகம் வந்தது. மாவீரன்! நேரில் கொடுத்தேனே, ஐயோ!

ஏப்ரல் 15, செவ்வாய்

தலைமை நர்ஸ் மேசையில் இரண்டு ரெசுமே. இடது பக்கம் ஒற்றைத் தாள். வலது பக்கம் பதினோரு பக்கம், மேலே கோட்டு.

"ரெண்டுலயும் ஒரே பேர், ஒரே நம்பர். இந்த ரெண்டு பேரும் ஒருத்தர்தானா?"

வாழ்நாளில் முதல்முறையாகப் பொய் ஒன்றுகூடக் கைக்கு எட்டவில்லை.

"அது நான் பார்த்த வேலை மேடம். இது நான் வீட்ல சொல்ற கதை."

அவர் வலது பக்கத்தைப் புரட்டினார். "'வெள்ளத்தைத் தலையில் சுமந்தவர்'. உங்க வாட்ச்மேன் வேற மாதிரி சொன்னாரே. முழங்கால் தண்ணில தியேட்டர் மூட்டையோட நடந்து போனீங்க, திரும்பி வந்து அடுத்த மூட்டையைத் தூக்கிட்டு மறுபடி போனீங்கன்னு."

"ரெண்டு தியேட்டர் இருந்தது மேடம்."

பிறகு லாண்டரிக்கு அழைத்துப் போனார். மேசையில் ஒரு பச்சைத் துணிக் கட்டு. "ஒரே பார்வைல பத்தாயிரம்னு போட்டிருக்கீங்களே. இது எத்தனை?" என்றார். விளையாட்டாகத்தான் கேட்டார். நான் மடிப்பு ஓரத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன்.

"ஐம்பதுன்னு கட்டியிருக்காங்க. நாற்பத்தொன்பதுதான் இருக்கு."

ஒருவரை விட்டு எண்ணச் சொன்னார். அவர் இரண்டு முறை எண்ணினார்.

நாற்பத்தொன்பது.

ஏப்ரல் 18, வெள்ளி

மற்ற இரண்டு நேர்காணலும் முடிந்தன. ஓட்டலில் நன்றாகப் பேசினேன். கிடங்கில் சுமாராக. ஆனால் மனசு பச்சைத் துணிக் கட்டிலேயே இருக்கிறது.

ஏப்ரல் 22, செவ்வாய்

ஃபோன் அடித்தது. என் ஃபோன். என் நம்பரில்.

மே இரண்டிலிருந்து வரச் சொல்லிவிட்டார்கள்.

மச்சானுக்குச் சொன்னேன். "சந்தோஷம் அத்தான். அக்கா என்ன சொல்றா?" என்றான். அக்கா கைப்பையிலிருந்து அந்தக் கவரை எடுத்து, கடிதத்தைத் திருப்பி, பின்பக்கத்தில் மளிகைச் சாமான் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தாள். நான் பார்த்தது அவளுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். 'சோப்பு' என்று எழுதிவிட்டு என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள்.

நாளை வாட்ச்மேனைப் பார்க்கப் போக வேண்டும். ரிஜிஸ்டரில் நேரிலேயே வந்ததாக எழுதட்டும்.

மே 2, வெள்ளி

சேரும் படிவத்தில் 'தொலைபேசி எண்' என்று ஒரு கட்டம். பேனா பழைய தடத்தில் மூன்று எண் ஓடிவிட்டது. நிறுத்தி, அடித்துவிட்டு, என்னுடையதை எழுதினேன். ஃபோனைப் பார்க்காமல்.

முதல் வண்டி ஆறு இருபதுக்குப் போனது. தியேட்டர் துணி இரண்டு வண்டியிலும் பாதி பாதி.

கால் வலிக்கிறது. மேலிடம் கடையைச் சாத்திவிட்டு வந்து சாவியை ஆணியில் மாட்டினாள்.

"மொத நாள் எப்படி இருந்தது? எத்தனை துணி?"

"நாலாயிரம்."

கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தாள்.

"மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறு," என்றேன்.